உப்போடைப் பாலத்துக்குத் தூக்கிய கை

எங்கள் வாகைநேரிப் பேரூராட்சியில் பட்ஜெட் போடுவது என்றால் போன வருஷத்துப் பட்ஜெட்டைக் குளிப்பாட்டிப் புதுச் சட்டை மாட்டிவிடுவது என்றுதான் அர்த்தம். மார்கழி பிறந்ததும் வார்டு வார்டாக என்ன வேண்டும் என்று கேட்பார்கள், வார்டு உறுப்பினர்களும் மறக்காமல் போன வருஷம் கேட்டதையே எழுதிக் கொடுப்பார்கள், தலைமை எழுத்தர் சிவபெருமாள் அதையெல்லாம் வாங்கி மேசையின் இடதுபக்க இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, வலதுபக்க இழுப்பறையிலிருந்து பழைய பட்ஜெட்டை எடுத்து, வருஷத்தை மாற்றி, ஒவ்வொரு செலவையும் ஒரு பிடி ஏற்றி, செயல் அலுவலரிடம் கையெழுத்து வாங்கி, பங்குனி வெயிலில் மன்றத்துக்குக் கொண்டுவந்து வைப்பார். ‘ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்ற கடைசி வரியையும் முந்தின நாளே டைப் அடித்துவிடுவார், கூட்டம் முடிந்த பிறகு கரண்ட் இருக்கும் என்று யார் கண்டது. அவர் வேகமாக வாசிப்பார், தலைவர் “சம்மதமா?” என்பார், உறுப்பினர்கள் கை தூக்குவார்கள், கேசரி வரும்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த பட்ஜெட்டுக்குள் ஒரு வருஷம் புதுசாக ஒரு பாலம் வந்து உட்கார்ந்தது. கொண்டுவந்து உட்கார்த்தியவள் பதினோராம் வார்டு உறுப்பினர் புஷ்பக்கனி.

பதினோராம் வார்டு உப்போடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பெரிய குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் ஓடையில் நெஞ்சளவு தண்ணீர் வரும். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் எல்லாம் இந்தப் பக்கம் என்பதால், ஐப்பசி வந்துவிட்டால் அந்தத் தெருக்காரர்கள் புத்தகப்பையையும் செருப்பையும் கேஸ் சிலிண்டரையும் ஒரு கையால் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தண்ணீரை விலக்கிக்கொண்டு, வரிசையாக ஓடையைக் கடப்பார்கள். ஒரு மழையில் அந்தத் தெருப் பேச்சித்தாயின் மருமகளுக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல், புஷ்பக்கனியின் புருஷன் ஞானமுத்துவின் லோடு ஆட்டோவில் ஓடைக்கரையிலேயே பிள்ளை பிறந்தது. பிள்ளை அழவில்லை. பேச்சித்தாய் அதைத் தன் முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் வடியும்வரை ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து வந்த தேர்தலில் புஷ்பக்கனி சுயேச்சையாக நின்றாள். “பாலம் கொண்டுவருவேன்” என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை, பேச்சித்தாய்தான் வீடுவீடாக அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் இரண்டு பக்கமும் சமமாக நிற்க, புஷ்பக்கனியின் ஓட்டு யாருக்கோ அவர்தான் தலைவர் என்று ஆனபோது, ஒரு பக்கத்தில் தலைவர் பதவிக்கு நின்ற அருள்வடிவு அவள் வீட்டுக்கே நடந்து வந்து, சாணி மெழுகின தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “ஏளா புஷ்பம், நான் தலைவரானா மொதப் பட்ஜெட்டுல ஒம் பாலம். எம் பிள்ளைக மேல சத்தியம்” என்றாள். புஷ்பக்கனிக்குக் கூடப்பிறந்த அக்கா கிடையாது. அன்றைக்குக் கிடைத்துவிட்டதாக நினைத்தாள்.

வடிவு தலைவரானாள். சிவபெருமாள் பாலத்தை வழக்கம்போல இடதுபக்க இழுப்பறையில் போட்டுப் பூட்டப் போனபோது புஷ்பக்கனி அந்த இழுப்பறைக்குள் தன் கையை வைத்துக்கொண்டு எடுக்கமாட்டேன் என்று நின்றாள். “கை நசுங்கும் மேடம்” என்றார் அவர். “நசுங்கட்டும் சார்வாள்” என்றாள் இவள். கடைசியில் பாலம் வலதுபக்கம் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பங்குனியில் மன்றம் கூடியது. சிவபெருமாள் தெருவிளக்கு வாசித்தார், சாக்கடை வாறுகால் வாசித்தார், பஸ் ஸ்டாண்டுக் கூரை வாசித்தார், பொதுக்கழிப்பறை வாசித்தார், முடிவில் மூச்சை இழுத்துப் பிடித்து, “பதினோராம் வார்டு உப்போடையில் சிறுபாலம்” என்று வாசித்தார். “சம்மதமா?” என்றாள் வடிவு. எல்லாரும் கை தூக்கினார்கள். ஒன்றாம் வார்டு கொம்பையா அண்ணாச்சி தூங்கிக்கொண்டிருந்தார், பக்கத்தில் இருந்தவர் அவர் கையையும் பிடித்துத் தூக்கிவிட்டார். கேசரி வந்தது. வாங்குவதற்குக் கையை இறக்கப் பார்த்தார்கள், யாருடைய கையும் இறங்கவில்லை.

இழுத்தால் வலிக்கவில்லை, ஆனால் இறங்கவில்லை, எண்ணெய் போட்டு நீவினார்கள், வர்மக்காரரிடம் போனார்கள், அரசு ஆஸ்பத்திரி டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, “எலும்பு நல்லாத்தான் இருக்கு, எதுக்குத் தூக்குனீங்க?” என்று மட்டும் கேட்டார். தலைவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் ஊரில் தலைவர் கேட்கிறவர், தூக்குகிறவர் இல்லை. கொம்பையா அண்ணாச்சிதான் ரொம்ப வருத்தப்பட்டார். “தூங்குதவன் கையத் தூக்குனா அது யாரு கணக்குய்யா?” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார்.

இரண்டு நாள் ஊர் வேடிக்கை பார்த்தது, மூன்றாவது நாளிலிருந்து பழகிவிட்டது. மெயின் ரோட்டு டெய்லர் தோளில் பொத்தான் வைத்துச் சட்டை தைக்க ஆரம்பித்தார்; பஸ்ஸை மறிக்கிறார்கள் என்று எண்ணி நின்று நின்று சலித்த டிரைவர்கள், கடைசியில் கை தூக்கினால் நிறுத்தக்கூடாது, கையை இறக்கிக்கொண்டு நின்றால்தான் நிறுத்தவேண்டும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்; கல்யாண வீட்டில் பந்தல்காரர்கள், “அண்ணாச்சி, கொஞ்சம் இப்படி நில்லுங்க” என்று உறுப்பினர்களின் கையில் டியூப்லைட்டைக் கட்டினார்கள்; மாதா கோயிலில் அவர்களைப் பார்த்துச் சனங்கள் இன்னும் சத்தமாக ஜெபித்தார்கள். லோடு ஆட்டோவின் முன்பக்கம் தலைக்கு மேல் இடமில்லாததால் புஷ்பக்கனி பின்னால் நின்றுகொண்டு போனாள். டீக்கடையில், “எலெக்ஷன் முடிஞ்சும் ஓட்டு கேட்டுட்டுப் போறா பாரு” என்று சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

எதற்குத் தூக்கினார்களோ அது நடந்தால்தான் இறங்கும் என்று ஊரில் யார் முதலில் சொன்னது என்று தெரியாது, எல்லாரும் பிறந்ததிலிருந்தே தெரிந்ததுபோல் சொன்னார்கள். தெருவிளக்கு எரிந்த அன்றைக்கு எல்லா உறுப்பினர்களின் சுண்டுவிரலும் தானாக மடங்கியதும் அது உறுதியானது. அதற்குப் பிறகு வாகைநேரியில் வேலை நடந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். காண்டிராக்டர் வீட்டு வாசலில் உறுப்பினர்கள் விடியுமுன் தூக்கிய கையோடு போய் நின்றார்கள், சிமெண்டு மூட்டையைத் தாங்களே தோளில் சுமந்தார்கள், வாறுகால் முடிந்து மோதிரவிரல் மடங்கியது, கூரை முடிந்து நடுவிரல் மடங்கியது, கழிப்பறை திறந்த அன்று கட்டைவிரல் மடங்கியது. ஆள்காட்டிவிரல் மட்டும் வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. அது பாலம்.

பாலத்துக்கு ஒதுக்கியதிலிருந்துதான் கூரைக்குக் கொஞ்சம், கழிப்பறை டைல்ஸுக்குக் கொஞ்சம் என்று அவசரத்தில் எடுத்திருந்தார்கள். பாலத்தின் பங்காக ஓடைக்கரையில் ஒரு குவியல் ஜல்லியும் ‘பணி நடைபெறுகிறது’ என்ற பலகையும் வந்து சேர்ந்தன, ஜல்லியின்மேல் ஆடு ஏறி நின்றது. உறுப்பினர்களுக்கு ஒரு விரல்தானே என்று இருக்க முடியவில்லை. தினமும் வடிவு வீட்டுக்குப் போய், “எங்களால குனிஞ்சு பேரப்பிள்ளையத் தூக்க முடியல, ஒரு தெருவுக்காக நாங்க எல்லாரும் சாகணுமா?” என்றார்கள்.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம் வடிவு புஷ்பக்கனி வீட்டுக்கு வந்தாள். தூக்குவாளியில் தயிர்ச்சோறும் நார்த்தங்காயும் கொண்டுவந்திருந்தாள்.

“எக்கா, இடது கையாலயே தின்னு பழகிட்டேன்” என்றாள் புஷ்பக்கனி.

“சும்மா கெட. நா ஊட்டுதேன்” என்று வடிவு ஒவ்வொரு வாயாக உருட்டி ஊட்டினாள், கடைவாயில் ஒட்டியதைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள், கை வலிக்கிறதா என்று கேட்டு, தோள்பட்டையை வெகுநேரம் அமுக்கிவிட்டாள். புஷ்பக்கனிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “பாலம் முடிஞ்ச அன்னைக்கு மொதல்ல ஒங்க காலத்தான்க்கா தொட்டுக் கும்பிடணும், குனிய முடியும்லா அப்போ” என்றாள். வடிவு வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் அவசரக் கூட்டம். சிவபெருமாள் வாசித்தார்: “திருத்திய வரவு செலவுத் திட்டம். பதினோராம் வார்டு உப்போடைச் சிறுபாலம், நிதி போதாமையால் நீக்கப்படுகிறது.”

“சம்மதமா?” என்றாள் வடிவு, மேசையைப் பார்த்துக்கொண்டு.

யாரும் கை தூக்க வேண்டியிருக்கவில்லை. எல்லார் கையும் பங்குனியிலிருந்தே தூக்கித்தான் இருந்தது.

புஷ்பக்கனி எழுந்தாள். “எனக்குச் சம்மதமில்ல.”

சிவபெருமாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “கை தூக்கியிருக்கே மேடம்.”

“இது பாலம் வேணும்னு தூக்குன கை சார்வாள்!”

“எதுக்குத் தூக்குனதுன்னு கையில எழுதியா இருக்கு? மன்றத்துல கையத்தாம்மா எண்ணுவோம். வாய எண்ணுற வழக்கம் இல்ல.”

“இந்தத் தடவை நான் முழிச்சிட்டுத்தான் இருக்கேன், சம்மதம்” என்று கொம்பையா அண்ணாச்சி அவசரமாகச் சொன்னார்.

ஒருமனதாக நிறைவேறியது. அந்தச் சொல் சிவபெருமாள் வாயிலிருந்து விழுந்ததும், விளைந்த பனம்பழம் விழுவதுபோல் ஒவ்வொரு கையாகத் தொப்புத் தொப்பென்று மேசைமேல் விழுந்தது. அவரவர் கையை அவரவரே தடவிப் பார்த்து முத்தம் கொடுத்தார்கள், ஒருத்தர் அழுதார், கேசரியை வலது கையாலேயே வாங்கினார்கள். புஷ்பக்கனியின் கை மட்டும் அப்படியே நின்றது. நீட்டியிருந்த அந்த விரலைக்கூட அவள் மடக்கவில்லை.

“அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்ளா” என்றாள் வடிவு.

“நேத்து சோறு ஊட்டும்போதே தெரியுமாக்கா?”

வடிவு மேசைமணியை அடித்துக் கூட்டத்தை முடித்தாள்.

அந்தச் செய்தி புஷ்பக்கனிக்கு முன்னால் தெருவுக்குப் போயிருந்தது. பேச்சித்தாய் வாசலில் நின்று, “ஒருமனதாகன்னா நீயும் சேர்த்திதானளா?” என்று கேட்டாள்.

“சித்தி, நான் மாட்டேன்னு சொன்னேன், சத்தமாச் சொன்னேன்.”

“இப்பவும் கையத் தூக்கிட்டுத்தான நிக்க?”

புஷ்பக்கனி எவ்வளவோ சொன்னாள், ஆனால் அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்திலேயே அந்தக் கை ஆமாம் ஆமாம் என்று நின்றுகொண்டிருந்ததால் யாரும் நம்பவில்லை. அதற்குப் பிறகு தெருவில் அவளோடு யாரும் பேசவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனால் வரிசை கொஞ்சம் விலகி வழிவிடும், அவ்வளவுதான்.

ஐப்பசியில் குளம் மறுகால் பாய்ந்தது. முதல் நாளே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை நடு ஓடையில் கால் தவறிப் போக, பின்னால் வந்த புஷ்பக்கனி இடது கையால் அதன் சட்டையைப் பிடித்தாள். தண்ணீர் இரண்டு பேரையும் இழுத்தது, ஆனால் தூக்கிய அவள் வலது கை காற்றில் நட்ட கல்தூண் மாதிரி நின்ற இடத்தில் நின்றது, கை நின்றதால் உடம்பும் நின்றது, உடம்பு நின்றதால் பிள்ளையும் நின்றது. இறங்காத கை சாயவும் சாயாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் காலையில் ஞானமுத்து, லோடு கட்டுகிற கயிற்றின் ஒரு நுனியை அந்தக் கரை வேம்பிலும் மறு நுனியை இந்தக் கரைப் பனையிலும் கட்டி, நடுவில் ஓடைக்குள் நின்ற பெண்டாட்டியின் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினான். கயிறு தொய்யவில்லை. தெரு முழுக்க அந்தக் கயிற்றைப் பிடித்துக் கடந்தது.

மழை நின்றபாடில்லை. காலையில் பிள்ளைகள் போகும்வரை நின்றாள், சாயங்காலம் பிள்ளைகள் வரும்வரை நின்றாள், நடுவில் ரேஷனுக்குப் போகிறவர்களுக்கும் ஊருக்குப் போகிறவர்களுக்கும் நின்றாள், முதலில் முகத்தைப் பார்க்காமல் கடந்தவர்கள், பிறகு, “கொஞ்சம் தள்ளி நில்லு, ஆழமா இருக்கு” என்றார்கள், பிறகு, “புஷ்பம், நாளைக்கு வெள்ளன வந்துரு, முகூர்த்தத்துக்குப் போகணும்” என்றார்கள், பிறகு அவள் கொஞ்சம் பிந்தினால் வீட்டு வாசலில் வந்து நின்று, “என்னளா இன்னும் வரல, பிள்ளைகளுக்கு நேரமாகுதுல்லா?” என்று கோபப்பட்டார்கள். பேச்சித்தாய் மட்டும் கடக்கும்போது ஒரு நிமிஷம் நின்று அவள் மணிக்கட்டில் கயிறு அறுத்த இடத்தைத் தடவிக் கொடுப்பாள். அந்தத் தடவலுக்காகவே புஷ்பக்கனி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பாள். ஓடையும் தெருவும் தன்னை மன்னித்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. பாலம் வராமலா போகும் என்று தூக்கிய கையை அண்ணாந்து பார்த்துக்கொள்வாள்.

மார்கழியில் வார்டு வார்டாக என்ன வேண்டும் என்று கேட்டார்கள். புஷ்பக்கனி பாலம் என்றாள். மாசியில் ஒரு மத்தியானம், அவள் மணிக்கட்டுப் புண்ணுக்கு மருந்து கட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரத்தில், வடிவு தெருவுக்கு வந்து வேம்படியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனாளாம். புஷ்பக்கனி திரும்பி வந்தபோது எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள், யாரோ பனங்கிழங்குகூடக் கொடுத்தார்கள்.

பங்குனியில் மன்றம் கூடியது. புஷ்பக்கனி தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், கை தூக்கியிருந்தது. சிவபெருமாள் வாசித்துக்கொண்டே வந்து, “பதினோராம் வார்டு. உப்போடையைக் கடக்க நிரந்தர ஏற்பாடு இருந்துவருவதால் சிறுபாலம் அவசியமில்லை. அதற்குப் பதிலாக ஆழ்துளைக் கிணறும் தண்ணீர்த் தொட்டியும்” என்றார்.

“நிரந்தர ஏற்பாடா? எது சார்வாள்?”

சிவபெருமாள் அவள் கையைப் பார்த்தார்.

“தெருவுல யாரு கேட்டா தொட்டி? எங்க சனம் பாலம் கேட்டுத்தான் என்னை அனுப்புச்சு” என்றாள் புஷ்பக்கனி. பிறகு வடிவைப் பார்த்து, “ஒங்க பேச்ச நான் இனி நம்பமாட்டேன்க்கா” என்றாள்.

“எம் பேச்ச நம்ப வேண்டாம். ஒந் தெருக்காரங்களே வந்திருக்காங்க, கேளு.”

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நாலைந்து பேர் நின்றார்கள். முன்னால் பேச்சித்தாய் நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மன்றத்தைப் பார்க்காமல் புஷ்பக்கனியைப் பார்த்துச் சொன்னாள்:

“கோவப்படாத தாயி. பாலம் எப்ப வருமோ, யாரு கண்டா. தொட்டின்னா இந்தச் சித்திரைக்கே தண்ணி. கடக்கதுக்குத்தான் நீ இருக்கியே.”

“சித்தி, ஒங்க மருமவ…”

“அது போச்சு. இப்ப நீ இருக்கேலா? அதான் சொல்லுதேன்.”

அவள் குரலில் ஒரு கெடுதலும் இல்லை. நல்ல மாடு வாங்கிய வீட்டில் பேசுகிறமாதிரி நிறைவாகப் பேசினாள்.

“சம்மதமா?” என்றாள் வடிவு.

எல்லாரும் கை தூக்கினார்கள், போன வருஷத்துப் பயத்தில் பாதி உயரம்தான் தூக்கினார்கள். அந்த நேரத்தில் புஷ்பக்கனியின் கை இறங்கியது. மற்றவர்களுடையதுபோல் தொப்பென்று விழவில்லை. கடைசி விரல் மடங்கியது, முழங்கை மடங்கியது, தூங்குகிற பிள்ளையைத் தோளிலிருந்து இறக்குவதுபோல் மெதுவாக இறங்கி அவள் மடியில் வந்து உட்கார்ந்தது. அவள் அதை யாருடையதோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேடம்,” என்று சிவபெருமாள் குனிந்து மெதுவாகச் சொன்னார், “கொஞ்சம் தூக்குங்க. ஒருமனதாகன்னு ஏற்கெனவே அடிச்சாச்சு.”

புஷ்பக்கனி எழுந்து வெளியே போனாள். வாசலில் நின்றவர்கள் வழிவிட்டார்கள், யாரும் அவள் கையைக் கவனிக்கவில்லை. உள்ளே கேசரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள், பேச்சித்தாய்க்கும் ஒரு இலையில் கிடைத்தது.

சித்திரைக்குத் தொட்டி வந்தது, தண்ணீரும் வந்தது. புஷ்பக்கனி எல்லாரையும்போல் குடத்தோடு வரிசையில் நின்றாள், கேட்டால் பதில் சொன்னாள், கேட்காவிட்டால் சும்மா இருந்தாள்.

ஐப்பசி வந்தது. குளம் மறுகால் பாய்ந்த காலையில் தெருவே திரண்டு அவள் வாசலுக்கு வந்தது, பேச்சித்தாய் கையில் கயிறு இருந்தது. “புஷ்பம், நேரமாகுது தாயி.”

அவள் அவர்களோடு நடந்து ஓடைக்குள் இறங்கினாள். நடு ஓடையில் நின்று வலது கையை நீட்டினாள். “கட்டிப் பாருங்க.”

பேச்சித்தாய் ஒரு நுனியை வேம்பில் கட்டிவிட்டு வந்து அவள் மணிக்கட்டில் கட்டினாள். தழும்பு இருந்த அதே இடத்தில்தான் கட்டினாள். தண்ணீர் வந்து மோதியதும், அந்தக் கை எல்லாருடைய கையும் ஆடுகிறமாதிரி ஆடியது, கயிறு தொய்ந்து ஓடைக்குள் விழுந்தது. பேச்சித்தாய் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து முடிச்சை அவிழ்த்துவிட்டாள். புஷ்பக்கனி ஈரச்சேலையைப் பிழிந்துகொண்டே கரையேறி வீட்டுக்குப் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.

தெரு அங்கேயே நின்றது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததால் போகவும் முடியவில்லை, பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பதால் திரும்பவும் மனமில்லை. புத்தகப்பையையும் செருப்பையும் சிலிண்டரையும் ஒரு கையால் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இப்போது வடியும், இப்போது வடியும் என்று கரை நெடுக நின்றார்கள். இந்தக் கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு, அந்தத் தெரு மொத்தமும் எதற்கோ ஒருமனதாகச் சம்மதித்து நிற்பதுபோல்தான் தெரிந்தது.